தனக்கோடி மாட்டாத ஃபேன்

“பனியனக் கழட்டி மறுபடியும் போடுப்பா. ஜல்தி பண்ணாத. தெனம் எப்படிப் போடுவியோ அப்படியே போடு.”

வீட்டிலேயே உயரமான ஆளைக் கொக்கிக்கு நேர் கீழே நிறுத்திவைத்துத் தனக்கோடி இப்படித்தான் சொல்வார். பனியன் தலைக்கு மேலே போகும்போது விரல் நுனி எதுவரை எட்டுகிறது என்று கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பார். அதற்கும் மேலே ஒரு சாண் மிச்சமிருந்தால்தான் குட்டை ராடு போட்டு ஃபேன் மாட்டுவார். இல்லையென்றால், “இந்த ரூமுக்கு மேல மாட்ற ஃபேன் வேணாங்க. சுவத்து ஃபேன் வாங்கிக்குங்க.” ராடே இல்லாமல் கூரையோடு ஒட்டி மாட்டிவிடச் சொல்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறார். “அப்புறம் றெக்க காத்த எங்கிருந்து எடுக்கும்? சும்மா சுத்திகினு இருக்கும், நீங்க வேர்த்துகினு இருப்பீங்க.”

ஆரணியில் வேணுகோபாலின் எலக்ட்ரிக் கடையில் விற்பவரும் தனக்கோடியே, தூக்கிப்போய் மாட்டுபவரும் அவரே. வீட்டைப் பார்க்காமல் பெட்டியைப் பிரிக்க மாட்டார். களம்பூர்க்காரர் ஒருவர் பஸ் ஏறி வந்து ஃபேன் கேட்டபோது, அதே பஸ்ஸில் கூடவே போய் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வியாபாரமும் ஆகவில்லை. “நீ கடைக்கு வேல செய்றியா, ஊரு கூரைய அளந்துகினு கீறியா? பெரிய பேஜாரா போச்சு உன்னோட” என்று வேணுகோபால் கத்தினார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தனக்கோடி இப்படி இல்லை. அப்போதுதான் தறி வீடுகளுக்கு ஃபேன் வரத் தொடங்கியிருந்தது. தறி ஓடும்போது போட முடியாது, பட்டு இழை பறக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருத் தெருவாகத் தறிச் சத்தம் அடங்க, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாங்கினார்கள். புது ஃபேன் மாட்டிய வீட்டில் பக்கத்து வீட்டாரும் வரிசையாக வந்து படுத்துக்கொள்வார்கள். கரண்டு போனால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் “ஐயோ” என்பார்கள். அதைச் சொல்லும்போது தனக்கோடியின் முகம் இன்றும் மலரும். சொல்லி முடித்ததும் வாடிவிடும்.

தொண்ணூற்று நாலு கோடையில் நெசவாளி தங்கவேலு வீட்டுக்கு ஃபேன் மாட்டினார். பலகை அடித்த தாழ்ந்த மச்சு. உள்ளே நுழைந்ததுமே தனக்கோடிக்குத் தெரிந்தது. ஆனால் காற்று நன்றாக வரவேண்டும் என்று தங்கவேலு ஆசையாகக் கேட்டார். பெட்டியில் வந்த ராடையே முழுசாக மாட்டிவிட்டு வந்தார் தனக்கோடி. மூன்றாம் நாள் வேர்வையில் ஒட்டிய பனியனைக் கழற்றக் கையைத் தூக்கினார் தங்கவேலு. வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. தறியில் நாடா தள்ள முடிந்தது. அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை. அன்றிலிருந்து மனைவி தேவகி தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முடிந்துகொடுத்தார்.

யார் கேட்டாலும் தங்கவேலு ஒன்றையே சொன்னார். “கையத் தூக்கினது நானு. ஃபேன் இன்னா பண்ணும்?” தனக்கோடியின் பேரை எடுத்ததே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தனக்கோடி தாங்கியிருப்பார். ஒன்பது வருஷம் அந்தத் தெருவை விட்டுச் சுற்றியே போனார்.

இரண்டாயிரத்து மூன்றில் தங்கவேலுவே கடைக்கு வந்தார்.

“மாடில ஒரு ரூம் கட்டிகீறோம். கூரை கொஞ்சம் தாழ்ந்து போச்சு. நீங்க வந்து பாருங்கண்ணே.”

“வேற ஆள அனுப்பறேன்.”

“நீங்கதான் வரணும்.”

போனார். அறையின் நடுவில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தார். தங்கவேலுவைத் தூக்கச் சொல்ல வாய் வரவில்லை.

“மேல வேணாம். சுவத்துல மாட்டலாம்.”

வாசலில் நின்ற தேவகி மெதுவாகச் சொன்னார். “அன்னிக்கே இத சொல்லியிருக்கலாம்.”

“தேவகி…” என்றார் தங்கவேலு.

“சொல்லட்டும்பா” என்றார் தனக்கோடி. “அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. தாழ்வா கீதுன்னு தெரியும். நீங்க சந்தோசமா நின்னுகினு இருந்தீங்க. வாய மூடிகினு மாட்டிட்டேன்.”

தனக்கோடி ஏணியில் ஏறிச் சுவரைத் துளைத்தார். செங்கல் தூள் தலையிலும் வேர்வையிலும் ஒட்டியது. ஃபேனை மாட்டி, ஒயரைச் சேர்த்து இறங்கி, எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

தங்கவேலு சுவிட்சைப் போட்டார். ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பி அறை முழுக்க வீசியது. தேவகி அருகே வந்து சற்று நேரம் அதைப் பார்த்தார். அது தனக்கோடி பக்கம் திரும்பிய நொடியில், தொங்கிய கயிற்றை இழுத்து, முகம் திரும்புவதை மட்டும் அங்கேயே நிறுத்தினார்.