வெள்ளைத் துணிக்குப் போட்ட கஞ்சி

அம்மா இறந்த வருஷம்தான் சனிக்கிழமைக் கஞ்சி என் பொறுப்புக்கு வந்தது. ஞாயிறு ஆராதனைக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டை மொடமொடவென்று இருக்க வேண்டும். எனக்குப் பத்து வயது. அம்மா இல்லாத குறை தெரியக் கூடாதென்று, வெள்ளையாக எது கண்ணில் பட்டாலும் கஞ்சியில் முக்கிவிடுவேன்.

அப்பாவுக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு மரக் கம்பெனியில் வேலை. பச்சைப் பலகைகளை ஒரு மூடிய அறைக்குள் அடுக்கி, சூடும் நீராவியும் விட்டு மெதுவாகக் காயவைப்பார். காற்றில் ஈரம் குறைந்தால் பலகை வெடித்துவிடும். ஈரத்தை அறிய உள்ளே இரண்டு தெர்மாமீட்டர்கள் உண்டு. ஒன்றின் குமிழில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். துணியின் நுனி தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால் உள்ளே ஈரம் அதிகம் என்று நீராவியைக் குறைப்பார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு லோடு வெடித்துப்போனது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலை போனால் கம்பெனிக்குள் நாங்கள் குடியிருந்த அறையும் போய்விடும். அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறை அது.

அந்தச் சனிக்கிழமை தெர்மாமீட்டரின் மாற்றுத் துணியை அப்பா துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். ஐயோ பாவம், தொளதொளவென்று தொங்குகிறதே என்று அதையும் சட்டையோடு சேர்த்து முக்கினேன். காய்ந்ததும் மடித்து அவர் பையில் வைத்தேன். திங்கட்கிழமை அவர் அதை நனைத்துத் தெர்மாமீட்டர் குமிழில் சுற்றிவிட்டு வந்தார்.

வாரக் கடைசியில் அறையைத் திறந்தபோது ஒரு பலகைகூடத் தேறவில்லை. "தண்ணி ஊத்துனியா இல்லியா?" என்று முதலாளி கேட்டார். கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தது. அப்பா துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். வாசலில் நின்ற என்னையும் பார்த்தார்.

"நான்தான் சார் கவனிக்காம வுட்டுட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். கோவிலம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆறவில்லை. "தண்ணி ஊத்துனேன்னு சொல்ல வேண்டியதுதானேப்பா? வாயில்லையா உங்களுக்கு?" என்று சண்டை போட்டேன். அம்மாவின் அறையை இவரே பறிகொடுத்துவிட்டார் என்று எத்தனையோ நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

"சட்டைக்குக் கஞ்சி நல்லா புடிச்சிருக்கும்மா" என்பார் அவர்.

பதினொன்றாம் வகுப்பு ஆய்வகத்தில் அதே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன. கஞ்சி போட்ட துணியைச் சுற்றக் கூடாது, தண்ணீர் மேலே ஏறாது, காய்ந்துபோய் ஈரம் அதிகம் என்று தப்பாகக் காட்டும் என்றார் டீச்சர். அங்கேயே அழுதுவிட்டேன்.

அதற்குள் ஆறு வருஷமாக, சனிக்கிழமை தவறாமல், அப்பாவின் சட்டையைக் கேட்டு வாங்கிக் கஞ்சி போட்டிருந்தேன். ஒருநாள்கூட அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.