விலா எலும்பு ஜங்ஷன்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு ரயில்வே ஜங்ஷன் இருந்தது. கட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்தார். முதலாளி பையன் விளையாடி அலுத்துப்போன பேட்டரி ரயிலை எங்கள் சூலூர் வீட்டுக்கு எடுத்துவந்து, பிளைவுட் பலகையில் தண்டவாளத்தைப் பதித்து, சுற்றிலும் ஓர் ஊரையே உண்டாக்கிக்கொண்டிருந்தார். ஊறவைத்த பேப்பரும் மைதாப் பசையும் சேர்ந்து மலையானது. பச்சைச் சாயத்தில் புரட்டிய மரத்தூள் புல்லானது. ஸ்பாஞ்சைக் கிள்ளிக் குச்சியில் செருகினால் வேப்பமரம். எனக்கு ஏழு வயது. பசை தடவும் இலாகா என்னுடையது. மலையில் இருந்ததைவிட என் டவுசரில்தான் பசை அதிகம்.

ஸ்டேஷன் மட்டும் பாக்கி. செருப்பு டப்பாவில் ஜன்னல்களை வெட்டிவிட்டு, கண்ணாடிக்கு எங்கே போவது என்று மாமா தலையைச் சொறிந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். பீரோ மேலே இருந்த பெரிய கவரைப் பிரித்தார். உள்ளே கறுப்பு பிலிம்.

"பழசுதான் கண்ணு. கூலிங் கிளாஸாட்ட ஜம்முனு இருக்கும் பாரு."

கத்தரிக்கோலால் நறுக்கி ஜன்னல்தோறும் ஒட்டிவிட்டார். பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷனுக்குள் டார்ச் பல்பைப் பொருத்தி ஒயரை இணைத்தார். விளக்கு எரிந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வெள்ளை எலும்பு வளைந்து நின்றது.

முந்தின நாள் அப்பா குண்டு பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த எலும்புகள். தறி ஓட்டும் அப்பாவுக்கு மாசக்கணக்கில் இருமல். மறுநாள் காலையில் பெரிய டாக்டரிடம் அந்த எக்ஸ்ரேயைக் காட்ட வேண்டும்.

"மாமா, இது அப்பாவோட நெஞ்சுங்க" என்றேன். மாமாவின் முகம் ஸ்டேஷன் சுவரைவிட வெளுத்துப்போனது.

அடி விழும் என்பது சின்ன பயம். படத்தை வெட்டினால் உள்ளே இருக்கிற நெஞ்சுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் பெரிய பயம். மாமாவிடம் கேட்டேன். எரிந்துபோன மோட்டாரையெல்லாம் பிரித்துச் சேர்க்கிற மனிதர், கத்தரிக்கோலை எடுத்துப் பரணில் ஒளித்துவைத்தார். துண்டுகளைப் பிய்த்தெடுத்து வரிசையாக ஒட்டிவிடலாம் என்று நான் உட்கார்ந்தேன். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மாற்றி ஒட்டி, அப்பா தலைகீழாக நடக்க ஆரம்பித்தால்?

தெருமுனையில் இருமல் கேட்டது. நேற்றைவிட மோசமாகக் கேட்டது. நான்தான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குள் அரிசிப் பையோடு வந்துவிட்ட அம்மா, காலிக் கவரையும் ஜன்னல்களையும் பார்த்துவிட்டார். "நாளைக்கு டாக்டருகிட்ட எதையடா கொண்டுபோயிக் காட்டறது? ரயில்வே டேசனையா?"

மாமா கதவோரமாக ஒதுங்கினார். ஓடுவதற்கு வசதியான இடம்.

உள்ளே வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இது என்ற நெஞ்சாட்ட இருக்குதுங்களே?"

"தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க மச்சான்."

நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உடு அம்மணி, அடுத்த வாரம் வேற எடுத்துக்கலாம். டாக்டரு எங்கீம் ஓடிற மாட்டாரு. நீ ரயில உடு கண்ணு, பாக்கலாம்."

ரயில் சுற்றியது. பல நாளாகச் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துபோன மனிதர், அன்று தட்டை ஜங்ஷன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாலு தோசை சாப்பிட்டார். எல்லாம் நான் தடவிய பசையின் மகிமை என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் அளந்தேன்.

அடுத்த வாரம் வந்தபோது, அதற்கடுத்த வாரம் என்றார் அப்பா. கடைசியில் அம்மாதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். பயப்படும்படி ஒன்றுமில்லை, அப்புறமும் வெகுகாலம் இருமிக்கொண்டே நன்றாக இருந்தார். டாக்டரிடம் போக வேண்டாமென்று ஆனதும் அப்பா சிரித்த அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டில் பயந்து கிடந்தவன் நான் ஒருவன்தான் என்று, மீசை முளைத்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன்.