மிருணாளினியின் யப்பான் வீடு

"உங்களுக்கு எரியுது அக்கா. அதை நேரா ஒத்துக்கொள்ளுங்கோவன்!"

"எனக்கேன் எரிய வேணும்? யப்பான்காரனே வேண்டாமெண்டு விட்டிட்டுப் போன வீடு. சும்மா தந்தாலும் நான் அதுக்குள்ள கால் வைக்கமாட்டன்."

"வைக்காதேங்கோ. ஆர் உங்களைக் கூப்பிட்டது? பேய் வீடு, பேய் வீடெண்டு ஊர் முழுக்க ஏன் சொல்லித் திரியிறியள்?"

"நானோ? சனம் கதைக்குது."

"எந்தச் சனம்? லாச்சப்பல்ல நீங்கள்தான் சனம்!"

2025, தை, அதாவது ஜனவரி மாதம் பதினோராம் தேதி, சனிக்கிழமை, மதியம் 12:20. பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. பரிஸ் நகரத்தில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், மரக்கறிக் கடை வாசலில், கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று பூரணியும் மிருணாளினியும் கத்தினார்கள். நான் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே முருங்கைக்காயைப் பத்து நிமிடம் பார்த்தேன் என்றால் சண்டை எப்படிப்பட்டது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே இதில் எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். பார்க்காததைப் பூரணியின் வாயாலேயே கேட்டேன். அவள் பொறாமைக்காரிதான். பொய்க்காரி இல்லை.

பூரணி மூத்த மருமகள், மிருணாளினி இளைய மருமகள். பூரணியின் கணவர் தவரத்தினமும் மிருணாளினியின் கணவன் ஐங்கரனும் கூடப்பிறந்தவர்கள். யப்பானில் ஆளில்லாமல் கிடக்கிற பழைய வீடுகளை வெளிநாட்டுக்காரர் மலிவாக வாங்கித் திருத்தி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள் என்ற கதையை முதலில் கொண்டுவந்தவன் ஐங்கரன். கொண்டுவந்ததும் அண்ணனிடம்தான்.

"அண்ணை, மலையடியில நல்ல வீடொண்டு பாத்திருக்கிறன். நீங்கள் எடுங்கோ. மிச்ச அலுவலை நான் பாக்கிறன்."

தவரத்தினம் வாய் திறக்குமுன் பூரணி சிரித்துவிட்டாள். "பரிசில ஒரு கதவு எங்களுக்குச் சொந்தமில்லை. யப்பானில வீடோ?"

அந்தச் சிரிப்போடு வீடு தம்பிக்குப் போனது.

அதன் பிறகு மிருணாளினி 'எங்கட யப்பான் வீட்டில' என்று தொடங்காமல் ஒரு வசனம் பேசியதில்லை. கோயிலில் பிரசாதம் வாங்கும்போதும் யப்பான் வீட்டுக் கூரை. பிள்ளைகளின் நடன அரங்கேற்றத்திலும் யப்பான் வீட்டுச் சறுக்குக் கதவு. பூரணியோ இருபத்திரண்டு வருடமாக லாச்சப்பலுக்குப் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில், லிஃப்ட் இல்லாத நாலாம் மாடியில், இரண்டறை வாடகை வீட்டில். வேறு யாராவது வாங்கியிருந்தால் ஒருவேளை நித்திரை வந்திருக்கும். தான் வேண்டாம் என்று சிரித்த வீடு அல்லவா? அந்த வீடு அவளுக்கு வேண்டும் போலிருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் பேய் வீடு என்று சொல்லித் திரிந்தாள்.

சண்டை பிடித்த கையோடு அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒளிந்திருந்து பார்க்கத் தொடங்கினாள்.

திருத்த வேலை நடந்தபோது ஐங்கரன் அந்த வீட்டு வாசலுக்கு உட்புறமாக ஒரு கமெரா பூட்டியிருந்தான். எங்கிருந்தாலும் தொலைபேசியில் பார்க்கலாம். பெருமைக்கு அண்ணனின் தொலைபேசியிலும் அதைப் போட்டுக் கொடுத்தான். தவரத்தினம் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. புதுத் தொலைபேசி வாங்கியதும் பழையதை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவள் திறந்தாள்.

பூரணிக்கு ஒரு சேலைக் கடையின் பின்னறையில் சட்டை தைக்கிற வேலை. காலை 10:40க்குத் தேத்தண்ணி. யப்பானில் அப்போது பின்னேரம் 6:40. மாரி காலம், நன்றாக இருட்டிவிடும். திருத்த வேலை மார்கழியோடு முடிந்துவிட்டது. முதல் விருந்தினர் பங்குனியில்தான் வருவார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. கூரை ஒழுகுகிறதா, சுவர் வெடித்திருக்கிறதா, ஒரு எலியாவது ஓடுகிறதா என்று தேத்தண்ணி ஆறும்வரை பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர், பளபளவென்று மரத் தரை. வயிறு இன்னும் எரிந்தது.

திரையின் மூலையில் மைக் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்திக்கொண்டு பேசினால் அங்கே கேட்கும். அந்தப் பதின்மூன்றாம் தேதி பூரணி முதல்முறையாக அதை அழுத்தினாள்.

"இது எனக்கு வரவேண்டிய வீடு."

சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. வெறும் வீடுதானே, யார் கேட்கப்போகிறார்கள்? அடுத்த நாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும். வசவு நீண்டுகொண்டே போனது. செருப்புத் தட்டு வைத்த இடம் சரியில்லை. ஒரு சாமிப்படம் இல்லை. நிறம் தெரிந்து அடிக்கத் தெரியாதவளுக்கெல்லாம் வீடு. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதுபோல அது பழகிவிட்டது.

16ஆம் தேதி, காலை 10:41. சுவர் வெள்ளையாக இல்லை. மண்ணிறமாக இருந்தது. வெளிச்சம் குறைவாக்கும் என்று நினைத்தாள். 11:05க்குத் திரும்பப் பார்த்தாள். வெள்ளை.

17ஆம் தேதி, 10:40. மண்ணிறச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. பதினாறாம் தேதிவரை ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்புக் கோடு. கிழமைகள் இந்த வருடத்தோடு அப்படியே ஒத்துப்போயின. மேலே இருந்த எண் மட்டும்... 2014.

பழசை யாரோ கழற்ற மறந்துவிட்டார்கள். அப்படித்தான் நினைத்தாள்.

அன்று பின்னேரம் ஐங்கரனிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். "உங்கட யப்பான் வீட்டில கலண்டர் ஒண்டும் மாட்டேல்லையோ?"

"சுவரில ஒரு ஆணியும் இல்லை அண்ணி. எல்லாம் புடுங்கிப் பூசியாச்சு. ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்."

20ஆம் தேதி, 10:40. நாட்காட்டியில் பத்தொன்பது வரை கோடு.

வெறும் வீட்டில் யார் கோடு போடுகிறார்கள்?

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டக்... டக்... டக்... பலகையில் வைத்து எதையோ வெட்டுகிற சத்தம். வாசற்படியின் கீழே ஒரு சோடிச் செருப்பு. பெண்கள் போடுகிற செருப்பு. முனை வெளியே பார்த்தபடி.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்றால் தொலைபேசியை மூடிவிட்டு கணவனைக் கூப்பிட்டிருப்போம். பூரணிக்கு வந்தது சந்தோஷம். யாரோ கள்ளமாக உள்ளே குடியிருக்கிறார்கள்! இனி மிருணாளினி எந்த முகத்தோடு லாச்சப்பலில் நடப்பாள்? ஐங்கரனிடம் சொல்லலாம்தான். சொன்னால் தான் ஒளிந்திருந்து பார்த்தது தெரிந்துவிடும். இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்தாள்.

22ஆம் தேதி, 10:40.

ஒரு கிழவி. வாசற்படி ஓரத்தில், முழங்காலை மடித்து, கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். மெல்லிய கழுத்து. தலைமயிர் நேர்த்தியாக வாரி முடிந்திருந்தது.

பூரணி பொத்தானை அழுத்தினாள். "ஆர் நீங்கள்?"

முதுகு நிமிர்ந்தது.

"இது எங்கட வீடு. விளங்குதோ? வெளிக்கிடுங்கோ!"

'எங்கட' என்ற சொல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாதாம். கிழவி திரும்பவில்லை. இரண்டு கையையும் மெதுவாக உயர்த்தி... காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

23ஆம் தேதி பூரணி தொலைபேசியைக் கையில் எடுக்கவில்லை. அன்று தைத்த மூன்று சட்டைகளில் இரண்டுக்குக் கை மாறிப்போனது. கடைக்காரி ஏசினாள்.

24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை.

10:38. பார்ப்பதில்லை என்று நினைத்தாள்.

10:39. எடுத்தாள்.

10:40. கிழவி வாசலில் நின்றாள். தடித்த மேலங்கி. கையில் துணிப்பை.

குனிந்து செருப்பைப் போட்டாள்.

கதவு... கிர்ர்ர்... என்று சறுக்கியது. வெளியே இருட்டு. ஒரு காரின் விளக்கு.

வாசலைத் தாண்டப்போனவள் நின்றாள். வீட்டுக்குள் திரும்பினாள். வெறும் வீட்டைப் பார்த்துத் தலை குனிந்தாள். மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

"...கிமாஸ்."

பூரணிக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் பையோடு வாசலில் நின்று, திரும்பிப் பார்த்து, ஒரு வயதான மனுசி ஒன்று சொன்னால் அது என்னவென்று எந்தப் பாஷையிலும் விளங்கும். எங்கள் வீடுகளில் அதற்குப் பதில் சொல்லாமல் ஒருவரையும் அனுப்புவதில்லை. எங்களோடு கோபமானவரையும் அப்படி அனுப்புவதில்லை.

விரல் பொத்தானில் இருந்தது.

வாய் தன்பாட்டில் சொன்னது.

"ஓம்... போட்டு வாங்கோ."

கிழவி நிமிர்ந்தாள்.

நேரே பார்த்தாள்.

அந்த முகம்...

பூரணி என்னிடம் இதைச் சொன்னபோது இந்த இடத்தில் நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ என்னைப் பயமுறுத்தேல்லை. அவ என்னைப் பாத்துப் பயந்தவ."

10:42. கதவு மூடியிருந்தது.

10:43. வெள்ளைச் சுவர். நாட்காட்டி இல்லை. செருப்பு இல்லை.

தொலைபேசி கீழே விழுந்த சத்தத்தில் கடைக்காரி ஓடிவந்தாள். பூரணியைத் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

அன்று பின்னேரமே அவள் எல்லாவற்றையும் வீட்டில் சொல்லிவிட்டாள். மிருணாளினி நம்பவில்லை. "அக்கா, வாடகைக்கு ஆக்கள் வரக்கூடாதெண்டுதானே இந்தக் கதை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். பூரணி திருப்பி ஒரு சொல் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் பயம் பிடித்தது. பூரணி பதில் சொல்லாமல் இருந்ததை லாச்சப்பலில் ஒருவரும் அதற்குமுன் கண்டதில்லை.

ஐங்கரன் ஜூலியனுக்கு எழுதினான். ஜூலியன் பிரெஞ்சுக்காரன். அங்கே குடியிருந்து, வெளிநாட்டுக்காரர் வாங்கிய வீடுகளைப் பராமரித்துக் கொடுக்கிறவன். வீட்டில் முன்பு இருந்தது யார் என்று மட்டும்தான் ஐங்கரன் கேட்டான். பூரணி கண்டதைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. நன்றாகக் கவனியுங்கள், ஒரு எழுத்தும் இல்லை.

மாசி ஆறாம் தேதி பதில் வந்தது. பூரணியின் மகள் நிரோஜினி அதை வாசித்துத் தமிழில் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக் கிழவரை ஜூலியன் விசாரித்திருக்கிறான். அந்த வீட்டில் ஒரு விதவை தனியே இருந்தாள். நல்ல மனுசி. 2014, தை மாதம். பத்து நாளாக, இருட்டின பிறகு, அநேகமாக ஒரே நேரத்தில், வாசற்பக்கம் ஒரு பெண் குரல் தன்னை ஏசுகிறது என்று அவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஆளைக் காணவில்லை. என்ன பாஷை என்றும் தெரியவில்லை. 24ஆம் தேதி, தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று கார் பிடித்தாள். அங்கே போன மூன்றாம் நாள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருவரும் அந்த வீட்டை வாங்கவில்லை. பத்து வருடம் கிடந்தது அதனால்தான்.

பையைத் தூக்கிக் கொடுக்க அன்று அந்தக் கிழவர் வாசலில் நின்றிருக்கிறார். அங்கே வெளிக்கிடும்போது சொல்கிற வழக்கமான சொல் ஒன்று இருக்கிறதாம். போய்த் திரும்பி வருகிறேன் என்று அர்த்தம். ஆளில்லாவிட்டாலும் அவள் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அன்றும் சொன்னாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. அவர் தன் காதால் கேட்டிருக்கிறார். மறக்க முடியாமல் அன்றே எழுதி வைத்திருக்கிறார். அவர் வாசித்துக் காட்டியதை ஜூலியன் பிரெஞ்சு எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தான்.

நிரோஜினி அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பொ... த்து... வா... ங்கோ."



"அம்மா," என்றாள் அவள். "இது தமிழா, உங்களுக்கு விளங்குதா எண்டு ஜூலியன் கேக்கிறார்."

அதற்கு இன்றுவரை யாரும் பதில் எழுதவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். நிரோஜினி ஆனியில் கரிகாலன் என்ற பொடியனைக் கட்டி லியோனுக்குப் போனாள். மிருணாளினியும் ஐங்கரனும் வீட்டை விற்க அலைந்தார்கள். கடைசியில் அதை எடுத்தது பூரணி. சும்மா தந்தாலும் கால் வைக்கமாட்டேன் என்றவள், தானே கேட்டு வாங்கினாள். "என்ர வீட்டில அவவுக்கு எப்பவும் ஒரு கண்," என்று மிருணாளினி இன்னும் பொருமிக்கொண்டு திரிகிறாள். அவளும் ஐங்கரனும் இப்போது பரிசுக்கு வெளியே, ஸ்தேனில் இருக்கிறார்கள்.

ஐப்பசி இரண்டாம் தேதி பூரணியும் தவரத்தினமும் யப்பானுக்குப் போனார்கள். பதினொரு நாளில் தவரத்தினம் தனியே திரும்பினார். மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ வாசலில் கண்டேன். கண்டும் கேட்காமல் போக என்னால் முடியுமா?

"அண்ணை, ஏன் தனிய வந்திட்டியள்?"

"அங்கை நித்திரை வருகுதில்லை, தங்கச்சி."

"குளிரோ?"

"குளிர் பறவாயில்லை. பொழுதுபட்டால் அவ வாசல்படியில போய் இருந்து மன்னிப்புக் கேக்கிறா. ஒவ்வொரு நாளும்."

"ஆரிட்டை?"

அவர் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

"முதல் ஏழு நாளும் ஆரும் இல்லை," என்றார்.

பயணிகளை மூன்று மாதத்துக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்களாம். அந்தக் கணக்கு மார்கழியோடு முடிந்துவிட்டது. பூரணி வரவில்லை. தவரத்தினம் நாலாம் மாடி வீட்டுக் கதவுத் திறப்பை வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு, மகளோடு இருக்க லியோனுக்குப் போய்விட்டார்.