டாக்டர் விப்பிள் வாங்கிக் குவித்த பன்றிக்கறி

வில்லோ படகுத்துறையில் ஆரின் விப்பிளுக்குத் தொழில் இரண்டு. இரண்டுக்கும் சேர்த்து அறை ஒன்றுதான். நடுவில் அடுப்பு. அடுப்புக்கு ஒரு பக்கம் மருந்துப் புட்டிகளும் நோயாளி உட்காரும் நாற்காலியும். மறுபக்கம் துணிச்சுருள், ஆணி, வெல்லப்பாகு, காப்பிக்கொட்டை, உப்புப் பன்றிக்கறிப் பீப்பாய்கள். நடுத்தூணில் ஒரு கொக்கி. டாக்டராக இருக்கும்போது ஆரின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்வான், ஏப்ரன் கொக்கியில் தொங்கும். கடைக்காரனாக மாறும்போது ஏப்ரன் இடுப்புக்கு வரும், கோட்டு கொக்கிக்குப் போகும். இந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகியதில்லை என்று அவனுடைய அக்கா கெசையா யாரைப் பார்த்தாலும் சொல்வாள்.

கடை அவன் ஆசைப்பட்டு வைத்ததல்ல. ஓஹியோவில் ஒரு வயதான வைத்தியரிடம் குதிரை தேய்த்து, மருந்து இடித்து, பிறகு சின்சினாட்டியில் பாடம் கேட்டு டாக்டரானவன் அவன். மிசௌரி ஆற்றங்கரைக்கு வந்த வருஷமே குளிர்க்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது. ஆனால் அந்தக் கரையில் யார் பையிலும் காசு கிடையாது. பிரசவம் பார்த்தால் ஒரு மூட்டைச் சோளம், உடைந்த காலைக் கட்டினால் தேன்மெழுகு, பல் பிடுங்கினால் ரக்கூன் தோல். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போன ஒருநாள், இதையெல்லாம் வாங்கிக்கொள்ள எவனாவது வருவான், கடையைத் திற என்று கெசையாதான் சொன்னாள். அப்பாவின் நிலத்தை விற்றதில் தனக்கு வந்த பங்கையும் அதில் போட்டாள். ஆகவே கடையில் பாதி அவளுடையது.

கடையின் உயிர் படகுக்காரர் ஏமஸ் பர்டிக்கின் வலது கையில் இருந்தது. வசந்தத்தில் மேற்கே குடியேறப் போகிறவர்களின் வண்டிகளை அவர்தான் ஆற்றைக் கடத்தி விடுவார். இறங்கும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் விப்பிள் கடை, வலப்பக்கம் போனால் லீமன் கோலின் கடை. புதிதாக வருகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. ஏமஸ் கை காட்டுகிற பக்கம் மாடுகள் திரும்பும்.

அந்தக் குளிர்காலத்தில் ஆறு உறைந்து படகு நின்றதும் ஏமஸின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. ஆரின் கோட்டுடன் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. இதயத்தைச் சீராக்கும் இலைத்தூளைக் கொடுத்தான். உப்புக்கறி சாப்பிடும் வாரமெல்லாம் கால் வீங்குவதை ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தான். இனி அதைத் தொட்டால் பனி உருகும்போது நீங்கள் உயிரோடு இருக்கமாட்டீர்கள் என்று ஒளிக்காமல் சொன்னான்.

ஏமஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காலுறையை இழுத்துவிட்டார்.

"சரி டாக்டரே. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க. இப்ப அந்தக் கோட்டக் கழட்டுங்க, எனக்குக் கடைக்காரர்கிட்ட ஒரு வேல இருக்கு."

இது அந்த ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன புகையிலையை நாலு அடி தள்ளிப்போய்க் கடைக்காரனிடம் வாங்குவார்கள். ஆரினும் சிரித்துக்கொண்டே கொடுப்பான். அன்று அவன் கொக்கியிலிருந்து ஏப்ரனை எடுத்தான். கோட்டுக்கு மேலேயே அதைக் கட்டிக்கொண்டான்.

"கறி உங்களுக்குக் கிடையாது, ஏமஸ்."

"கோல் கடையில இருக்கு."

"தெரியும்."

"அப்ப வசந்தத்துல என் கை எந்தப் பக்கம் நீளும்னும் தெரிஞ்சிருக்குமே." அவர் கதவைச் சாத்திய வேகத்தில் ஒரு புட்டி உருண்டது. கெசையா பிடித்துவிட்டாள்.

வேறு வருஷமாக இருந்தால் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் யாராவது ஒரு துண்டு கொடுத்திருப்பார்கள். அந்த வருஷம் கொள்ளைநோயில் பன்றிகள் எல்லாம் போய்விட்டன. கறி இருந்தது இரண்டு கடைகளின் பீப்பாய்களில் மட்டுமே.

மறுநாள் காலையில் ஆரின் தன் செம்பழுப்புக் குதிரையைச் சறுக்குவண்டியில் பூட்டி, காப்பி மூட்டை, பூட்சுகள், கெசையா பார்த்துப் பார்த்து வரவழைத்த நீலத் துணிச்சுருள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தான், நடந்து. அவனுக்கு முன்னால் கோலின் மாடுகள் இழுத்து வந்தது முழுக்கப் பன்றிக்கறிப் பீப்பாய்கள்.

"குதிர எங்கடா?" என்றாள் கெசையா.

"கொடுத்துட்டேன்க்கா. அது இல்லாம அந்தாளு கடைசிப் பீப்பாயத் தரமாட்டேன்னுட்டாரு."

"ஒரு கிழவன் வாயக் கட்டுறதுக்கு என் பாதியையும் சேத்துக் கொடுத்துட்டு வந்திருக்கே."

"ஆமாக்கா."

அந்த ஆமாவுக்கு மேல் அவளுக்குச் சண்டை வரவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை. ஏமஸ் சொன்னபடி கையை வலப்பக்கம் நீட்டினால் இத்தனை கறியும் கோடையில் நாறிப்போகும். கடையோடு அவள் பங்கும் போகும். கோல் தன் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் டாக்டருக்கு மூளை உறைந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். முதல் நீராவிப்படகில் தமக்குப் புதுக்கறி வரும் என்ற தைரியம் அவருக்கு.

அந்தப் பனிக்காலம் முழுக்க ஆரின் நோயாளி வீடுகளுக்கு நடந்தே போனான். கெசையா அவன் காலுறைகளைத் தைத்துத் தைத்து அலுத்தாள். ஏமஸ் சோளக்கஞ்சியும் உலர்ந்த ஆப்பிளும் காட்டுக்கோழியுமாகக் காலம் தள்ளினார். தினமும் வந்து அடுப்பருகே உட்கார்ந்து பீப்பாய்களைத் திட்டுவார். திட்டி முடித்ததும் மருந்தை வாங்கிக்கொள்வார். மெல்ல மெல்ல அவருடைய பழைய பூட்ஸ் மறுபடியும் காலில் ஏறியது.

ஆற்றில் உறைந்த பனி உடைந்தது. அந்த வருஷம் புல் முந்திக்கொண்டது, மேய்ச்சலை நம்பி வண்டிகளும் முந்திக்கொண்டன, நீராவிப்படகு பிந்திக்கொண்டது. முதல் வண்டிகள் கரையேறியபோது கெசையா வாசலில் நின்று பார்த்தாள். ஏமஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கை வலப்பக்கம் நீண்டது. மாடுகள் கோல் கடைக்குத் திரும்பின. அவள் உள்ளே போய், ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு முறை துடைத்தாள்.

சற்று நேரத்தில் வெளியே சக்கரச் சத்தம். அத்தனை வண்டிகளும் திரும்பி வந்துகொண்டிருந்தன. கோல் கடையில் கறி இல்லை. சமவெளிக்குள் கறி இல்லாமல் இறங்க எந்தக் குடும்பஸ்தன் துணிவான்? வருகிற வழியில் ஏமஸைத் திட்டிவிட்டும் வந்திருந்தார்கள். அடுத்த நடையிலிருந்து அவர் கை இடப்பக்கம் நீண்டது.

இரண்டு நாள் கழித்து ஏமஸ் கடைக்குள் நுழைந்தார். காற்சட்டையைத் தூக்கி, காலைத் தானே அழுத்திக் காட்டினார். பள்ளம் விழவில்லை. ஆரின் இல்லை. குதிரையை மீட்க கோல் கடைக்குப் போயிருந்தான். கோல் அதற்குக் கேட்ட விலை நான்கு பீப்பாய் கறி.

ஏமஸ் கொக்கியைப் பார்த்தார். கறுப்புக் கோட்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர் இல்ல. நல்லதாப் போச்சு. ஒரு சின்னத் துண்டு வெட்டும்மா, கெசையா. ஊரு உலகத்துக்கே இந்தக் கடையக் கை காட்டுறேன்."

கெசையா ஏப்ரன் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"உலகத்துக்கு உண்டு, ஏமஸ். உங்களுக்குக் கிடையாது. மருந்த எடுத்துட்டுப் போங்க, அங்க வண்டி காத்துட்டிருக்கு."