கையூன்றாமல் எழும்புதல்

எங்கள் ஊரான முரசுமோட்டையின் பொதுநோக்கு மண்டபத்துக்கு, ஊராரின் நடையை அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்கள் மட்டும் வரவேண்டுமாம். நோயாளிகளும் வேண்டாம், கிழவர்களும் வேண்டாம்.

"நல்லா நடக்கிற ஆக்களின்ரை நடையை ஏன் அளக்கினம்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"உன்ரை கொம்பனிக்காரன்தான் அனுப்பியிருப்பான்" என்றார் அவர், வயலுக்குப் புறப்பட்டபடியே.

நான் கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது நாற்பத்தாறு. அங்கே அப்போது புதிதாக இளம்பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வயதுக்காரரை நிற்பாட்டிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். நாங்கள் மாடிப்படி ஏறும்போது மேற்பார்வையாளர் கீழே நின்று பார்ப்பதாகவும் எனக்குப் பட்டது. கணவர் விளையாட்டாகச் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. போகாமல் விட்டால் அதையும் குறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் மண்டபத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தா. தரையில் இரண்டு கோடு போட்டு, ஒன்றிலிருந்து மற்றதுவரை நடக்கச் சொன்னா. நான் விறுவிறு என்று நடந்தேன். அவா சிரித்தா.

"பஸ் பிடிக்கப் போறியளோ அக்கா? வழமையா நடக்கிற மாதிரி நடவுங்கோ."

"இதுதான் என்ரை வழமை."

"என்ன வேலை செய்யிறியள்?"

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். "வீட்டிலைதான்" என்றேன்.

பிறகு ஒரு கதிரையில் இருத்தி, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எழும்பச் சொன்னா. இதென்ன பெரிய காரியம் என்று எழும்பினேன். பாதியிலேயே என் வலக்கை தானாக இறங்கி முழங்காலில் ஊன்றியது. மறுபடியும் முயன்றேன். மறுபடியும் கை இறங்கியது.

"கதிரை பதிவு, உயரம் காணாது" என்றேன். அவா எழுதிக்கொண்டா.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் கதிரையில் இருந்து பார்த்தேன். அது அதைவிட உயரமானது. அதிலும் முடியவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் முகத்தைத் திருப்பினார். அப்போதுதான் உறைத்தது. கீழ்த்தட்டில் இருந்த அரிசி வாளி எப்போதோ மேசைக்கு ஏறியிருந்தது. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லையும், நான் அதிகம் குனியாமல் இருக்க, அவர் முட்டுக் கொடுத்து உயர்த்தியிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"நீ எழும்பேக்கை சுவரைப் பிடிக்கிறனி. போன மழைக்கு முந்தியே கண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா சண்டைக்கு வருவாய்."

அன்றிரவு அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன். வெளியாட்கள் ஒளித்துப் பார்க்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளேயே ஒருவர் இவ்வளவு நாளும் பார்த்திருக்கிறார்.

அடுத்தநாள் மண்டபத்துக்குத் திரும்பப் போய் டொக்டரிடம் நேராகக் கேட்டேன். "நான் தையல் கொம்பனியிலைதான் வேலை செய்யிறனான். அவைக்கு இதைச் சொல்லுவியளோ?"

அவா பேனையைக் கீழே வைத்தா. "இல்லை அக்கா. இந்த வயசிலை கண்டுபிடிச்சால் கால்களைத் திரும்பப் பலப்படுத்தலாம். விழுந்து முறிஞ்ச பிறகு வந்தால் கஷ்டம். அதுக்குத்தான் அளக்கிறம்."

முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அவா எழுதித்தந்த கடிதத் துண்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல இறங்கி ஏறும் பயிற்சியை அங்கே பழக்கினார்கள். மாலையில் வேலைவிட்டு வந்து செய்தேன். தொடைகள் நெருப்பாய் எரிந்தன. மழைக்காலம் முடிவதற்குள் கையைக் கட்டிக்கொண்டே எழும்பப் பழகிவிட்டேன். தொழிற்சாலையிலிருந்து யாரும் என்னைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் இன்னமும் படியடியில் நிற்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியாது.

கணவருக்கு ஐம்பத்திரண்டு. அளக்கப் போகவே மாட்டேன் என்று நிற்கிறார். நேற்று வயலிலிருந்து வந்தவர், மோட்டார்சைக்கிளை விட்டு இறங்க முன்னம் வேலிக்கட்டையைப் பிடித்ததைக் கண்டேன். கண்டும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"கட்டையை விட்டிட்டு இறங்குங்கோ பாப்பம்" என்றேன்.