நேற்று யாரும் எதையும் தொடவில்லை

எந்த வீட்டுக்குப் போனாலும் கம்ப்யூட்டரைத் தொடும் முன் மர்சலின் ஒரே கேள்விதான் கேட்பார்: "நேத்து இன்னா பண்ணே?"

பதிலும் எப்போதும் ஒன்றுதான். "ஒண்ணுமே பண்ணலையேக்கா."

மர்சலின் அதை நம்புவதில்லை. மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாக ஞாயிறு பூசை தவறாத குடும்பம் அவருடையது. பாதிரியார் முன் பாவசங்கீர்த்தனத்தில் யாரும் பெரிய பாவத்தை முதலில் சொல்வதில்லை என்பது அவருக்குப் பத்து வயதிலேயே தெரியும். இரண்டு கோபம், ஒரு பொய் என்று ஆரம்பித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழும் நேரத்தில்தான் அசல் சங்கதி வெளியே வரும். மர்சலினிடமும் அப்படித்தான். "ஒண்ணும் பண்ணலை, சும்மா அப்டேட் போட்டேன்." "ஒண்ணும் பண்ணலை, ஃப்ரெண்டு ஒரு பென்டிரைவ் கொடுத்தான்."

அவர் பார்ப்பது வீட்டு ஸ்டூடியோக்களின் வைத்தியம். பாட்டுப் போடும் மென்பொருள் ஒரு கம்பெனியுடையதாக இருக்கும். அதில் வீணை, தபேலா, எதிரொலி என்று ஒட்டவைக்கும் பிளக்-இன்கள் ஊர்பட்ட கம்பெனிகளுடையவை. ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாமல் மொத்தமும் உறைந்துபோகும் நாளில் அடையாறிலிருந்து சைதாப்பேட்டை வரை எல்லோரும் மர்சலினுக்குப் போன் அடிப்பார்கள். இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினாறு வருடம் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அந்தக் குரல் இன்னும் போகவில்லை.

விஜயதசமி அன்று காலை பதினொன்றுக்குப் போன் செய்தவன் ஆனந்தகுமார். கோட்டூர்புரத்தில் இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் அவனும் மனைவி தாரணியும், இன்னொன்றில் ஸ்பீக்கர்களும். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவனுடைய பெரியப்பா அய்யாதுரை, இரண்டு வருடம் கெஞ்சவிட்டு, இந்தத் தீபாவளிக்குத்தான் கடை விளம்பரப் பாட்டை அவனிடம் கொடுத்திருந்தார். விஜயதசமி நல்ல நேரத்துக்குள் கடை வாசல் ஸ்பீக்கரில் பாட்டு ஒலித்துவிட வேண்டும். நல்ல நேரம் ஒரு மணியோடு சரி. தவறினால் போன வருடத்துப் பாட்டையே போட்டுவிடுவார், இனி இவனிடம் கேட்கவே மாட்டார்.

மர்சலின் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடியேறியபோது மணி பதினொன்று நாற்பது. திரையில் மென்பொருள் பாதி திறந்தபடி சிலையாக நின்றது.

"நேத்து இன்னா பண்ணே?"

"அக்கா, நேத்து சரஸ்வதி பூஜை! நேத்து யாராச்சும் எதையாச்சும் தொடுவாங்களா? நல்ல நேரம் வந்தப்புறம், பத்தரைக்குத்தான் இந்தச் சேர்லயே உக்காந்தேன்."

மர்சலின் ஒரு விநாடி திகைத்தார். பதினொரு வருடத்தில் முதல் முறையாக, ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னவனை நம்ப வேண்டியிருந்தது.

"லைசென்ஸ் சாவி சொருகிகீதா? லைட் எரியுதா?" பணம் கொடுத்து வாங்கிய சில பிளக்-இன்களுக்கு, விரல் நீளத்தில் ஒரு சாவி கம்ப்யூட்டரில் சொருகியிருந்தால்தான் உயிர்.

ஆனந்தகுமார் மேசைக்குப் பின்னால் இருட்டில் எட்டிப் பார்த்தான். "எரியுதுக்கா."

"அப்போ கிளாஸை வெளியே அனுப்பிடலாம்."

இது அவர் பள்ளியில் கற்ற வித்தை. வகுப்பில் எவன் கத்துகிறான் என்று தெரியாவிட்டால் பாதிப் பேரை வராந்தாவுக்கு அனுப்புவார். சத்தம் நின்றால் கத்தியவன் வெளியே, நிற்காவிட்டால் உள்ளே. இருக்கிற பாதியை மறுபடி பாதியாக்குவார். பிளக்-இன்களுக்கும் அதே தண்டனை. 'வராந்தா' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, நூற்றிருபதில் அறுபதை அதில் தள்ளினார்.

மென்பொருள் திறந்தது. ஆனந்தகுமார் கைதட்டினான்.

"இரு நைனா, வெளியே நிக்கறதுல ஒருத்தன் திருடன்."

முப்பது. பதினைந்து. எட்டு. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இரண்டு நிமிடம் போனது. நடுவில் ஆனந்தகுமாரே வாய் திறந்தான்.

"அக்கா, போன வாரம் ஓசில ஒரு நாதஸ்வரம் இறக்கினேன்..."

"அதானே பார்த்தேன்."

நாதஸ்வரத்தைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நிரபராதி. பன்னிரண்டு பத்துக்கு ஒருவன் அகப்பட்டான், ஒரு எதிரொலி. அவனை வெளியேற்றிய பிறகும் உறைந்தது. இன்னொருவனையும் பிடித்தார், அப்போதும் உறைந்தது.

போன் அடித்தது. ஆனந்தகுமார் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏலே, பாட்டு எங்கலே?" அய்யாதுரை.

"வந்துட்டே இருக்கு பெரியப்பா."

"பஸ்ஸுலயா வருது? வாசல்ல தேங்காய் உடைச்சாச்சு. ஐயர் என் மூஞ்சியப் பாக்காரு, நான் ஸ்பீக்கரப் பாக்கேன். ஒரு மணி, பாத்துக்கோ."

வைத்துவிட்டார். மூன்றாவது திருடனும் சிக்கியபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. மர்சலின் மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தார். மூன்றும் ஒரே கம்பெனி. மூன்றும் அந்தச் சாவியைக் கேட்பவை.

"ஆனந்து, சாவில லைட் எரியுதுன்னியே, இன்னா கலரு?"

"சிவப்புக்கா. நல்லா சிவப்பா."

"அந்தக் கம்பெனி சாவில நீலம்தானே எரியும்!"

மர்சலின் மேசைக்கடியில் தவழ்ந்தார். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். சாவியின் வாலில், விளக்கு எரிய வேண்டிய இடத்தை மூடி, வட்டமாக, அழகாக, ஒரு குங்குமப் பொட்டு. உருவினார். கம்ப்யூட்டருக்குள் போகும் தகட்டு முனையில் காய்ந்த சந்தனம், இரண்டு பக்கமும்.

"தாரணீ!" என்று கத்தினான் ஆனந்தகுமார்.

கையில் கரண்டியோடு வந்த தாரணி சாவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும்தான் வெச்சேன். உங்க மவுஸுக்கு வெச்சேன், ஹெட்போனுக்கு வெச்சேன். இத விட்டா அது கோவிச்சுக்காதா? காலைல புனர்பூஜை முடிச்சு, எது எது எங்க இருந்துச்சோ அங்கயே சொருகிட்டேன்."

"உள்ள போற முனையிலயாடி வைப்பாங்க?"

"எது வாய், எது வால்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தகடு ஒண்ணுதான் பளபளன்னு இருந்துச்சு. சந்தனம் அதுக்குத்தான் எடுப்பா இருந்துச்சு."

ஆனந்தகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மர்சலின் கையைத் தூக்கினார். வகுப்பு அடங்கியது.

"அவளைத் திட்டாதே. எங்க பங்குக் கோயில்ல மைக்குக்குப் புது மிக்சர் வாங்கினப்போ, ஃபாதர் மந்திரிக்கறேன்னு தீர்த்தத்த அள்ளித் தெளிச்சாரு. நாலு பட்டன் அன்னைக்கே மோட்சத்துக்குப் போச்சு. தண்ணிய விட சந்தனம் மேல்."

பையிலிருந்து பழைய பல் பிரஷ்ஷும் ஸ்பிரிட் புட்டியும் வந்தன. தகட்டைத் தேய்த்தார், துடைத்தார், ஊதினார். காயும்வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பழைய துளையிலும் சந்தனம் இருக்கும் என்று வேறு துளையில் சொருகினார். குங்குமத்தை விரலால் வழித்தார்.

நீலம்.

வராந்தாவில் நின்ற மொத்தப் பேரையும் உள்ளே அழைத்தார். மென்பொருள் மூச்சுவிடாமல் திறந்தது. பாட்டு பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்குப் பெரியப்பாவின் போனுக்குப் போனது. ஐம்பத்தைந்துக்கு அவரிடமிருந்து அழைப்பு. அவர் பேசவில்லை; போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டியிருந்தார் போல. கூட்டமும் ஆட்டோ ஹாரனும் சேர்ந்து கேட்டன. அவற்றுக்கு மேல் இவன் பாட்டு. பாட்டு முடிந்ததும் ஒரே வார்த்தை: "பொங்கலுக்கும் நீயே போடுலே."

ஆனந்தகுமார் நாற்காலியில் சரிந்தான். தாரணி கேசரி கொண்டுவந்தாள். மர்சலின் பிரஷ்ஷைத் துடைத்து வைக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, பொட்ட அழிச்சுட்டீங்களே. இன்னைக்கு அது பொட்டில்லாம இருக்கலாமா?"

மர்சலின் சாவியை அவள் பக்கம் திருப்பி, விளக்குக்கும் தகட்டுக்கும் இடையில் கம்பெனிப் பெயர் எழுதியிருந்த இடத்தை நகத்தால் காட்டினார்.

"இங்க வை. சின்னதா."

தாரணி வைத்தாள். பிறகு, கேட்காமலேயே, பல் பிரஷ்ஷின் கைப்பிடியிலும் ஒன்று வைத்தாள்.

மர்சலின் கேசரியை வாயில் போட்டுக்கொண்டார். அன்று சாயந்திரம் அடையாறில் அடுத்த வீட்டுக்குப் போனபோது, அவருடைய கேள்வி கொஞ்சம் நீண்டிருந்தது: "நேத்து இன்னா பண்ணே? உன் வீட்டுக்காரி இன்னா பண்ணா?"