செண்பகத்தோப்பு: யானையின் ஊற்றில் நான் முகம் கழுவிய கதை

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, செண்பகத்தோப்பு மலைக்காட்டில் கோவில் கொண்டிருக்கும் காட்டழகரிடம் வேண்டிக்கொண்டேன்: "இவர் நல்லபடியா எந்திரிச்சா, நடந்தே வந்து உன்னைக் கும்பிடுவார்." நடக்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. என் வேண்டுதல்கள் எல்லாம் மற்றவர் கால்களை நம்பித்தான். நாலு மாதம் கழித்து, மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினோம். டாக்டர் சொல்லி அனுப்பியது: "மெதுவா நடக்கலாம், ஓடக் கூடாது." அன்று முழுவதும் என் மண்டையில் அது ஒன்றுதான் ஓடியது.

ராஜபாளையத்தில் காலை 5.40 பஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து செண்பகத்தோப்புக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோ. டிரைவர் நானூறு கேட்டார்; கணவரின் நெஞ்சைக் காட்டி இருநூற்றைம்பதுக்கு இறக்கினேன். வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிக்கொடுத்ததும் வழிகாட்டி கருப்பசாமி சேர்ந்துகொண்டார்.

மாந்தோப்பில் சாம்பல் நிற மலை அணில் கிளையிலிருந்து எங்களை எட்டிப் பார்த்தது. பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமாக வால். எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் மாடியிலிருந்து இப்படிப் பார்க்கும் ஓர் அம்மா உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவரும் இதைப் படிப்பார்.

தோப்பைத் தாண்டியதும் பாலைவனம்தான். மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் பெய்துவிட்டு இங்கே வெறுங்கையோடு வருகிறது. ஓடை முழுக்க வெள்ளை மணல், வீட்டளவு பாறைகள், இலை உதிர்த்து நிற்கும் மரங்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர் ஏறி ஒன்பது மணிக்குக் கோவிலை அடைந்தோம். பழைய கல் தூண்களைப் பார்க்கத்தான் ஆசை. அவர் மூச்சு வாங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது மணி 10.30. "செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்" என்று ஓடைக்கரை நாவல் மரத்தடியில் அவர் அமர்ந்தார். கருப்பசாமியும் நானும் ஓடையைக் கடந்தோம். கருப்பசாமி மேட்டில் ஏறி வழியைப் பார்க்கப் போனார். மணலில் ஓர் ஊற்று தெளிந்து கிடந்தது. சின்ன வயதில் கோடைக்கு ஆற்றில் ஊற்று தோண்டிக் குடித்து வளர்ந்தவள் நான். தோண்டின மகராசனை வாழ்த்திவிட்டு, பையிலிருந்த சந்தன சோப்பை எடுத்து முகம், கை, கால் எல்லாம் கழுவினேன்.

திரும்பி வந்த கருப்பசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னக்கா செஞ்சீக! இது யானை தோண்டுன ஊத்து. சாணியில இன்னும் ஆவி பறக்குது, பாருங்க!"

என்னை இழுத்துக்கொண்டு அவர் பாறைக்குப் பின்னால் ஒதுங்கவும், நாணல் அசையவும் சரியாக இருந்தது. தாய் யானை, பின்னால் குட்டி. இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் யானை, அந்தப் பக்கம் ஓடக் கூடாத என் வீட்டுக்காரர்.

தாய் ஊற்றில் துதிக்கையை விட்டது. உடனே எடுத்து உதறியது.

"சோப்பு வாசம் ஆவல" என்றார் கருப்பசாமி, காதோடு. "இனி புதுசாத் தோண்டும்."

இரண்டடி தள்ளித் தோண்டவும் தொடங்கியது. குடித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய யானையை நானே நிறுத்தி வைத்துவிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: பதினொரு மணி மாத்திரைக்காக அவர் போனில் நான் அலாரம் வைத்திருந்தேன். நாதஸ்வரம், முழுச் சத்தத்தில்.

10.52. குட்டி காலால் மணலைத் தள்ளி உதவி செய்கிறேன் என்று குழியை மூடிக்கொண்டிருந்தது. 10.57. தண்ணீர் ஊறியது. 11.00. கண்ணை மூடிக்கொண்டேன்.

நாதஸ்வரம் ஒலிக்கவில்லை. குட்டி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. 11.10க்கு இரண்டும் நாணலுக்குள் மறைந்தன.

ஓடிப்போய் அவர் நெஞ்சில் கை வைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கேன், ஏட்டி. யானையைப் பாத்ததும் மொத வேலையா அலாரத்தை அமத்துனேன்."

"பயமா இல்லையாங்க?"

"இல்லாம? ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே, அதான் உக்காந்திருந்தேன்."

போகிறவர்களுக்கு: எந்த நாள் விடுவார்கள் என்று வனத்துறையில் முன்பே கேளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள், வழிகாட்டியை விட்டு நகராதீர்கள், போனை ஊமையாக்குங்கள். மணலில் தண்ணீர் தெரிந்தால் தொடாதீர்கள். அதற்குச் சொந்தக்காரர் உண்டு.

கடைசியாக ஒன்று. அந்த இருபது நிமிடத்தில் அவரும் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டாராம்: இருவரும் உயிரோடு வீடு சேர்ந்தால், "என் பொண்டாட்டி இருக்கங்குடி மாரியம்மன் கோவிலுக்கு நடந்தே வருவா" என்று. ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது.